எல். சங்கரின் இரட்டைக் கழுத்து வயலின்

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
வணக்கம். மேற்கத்திய வயலின் பயிலும் என் மகள், எல். சங்கரைக் கேட்டதிலிருந்து கருநாடக இசையும் வேண்டும் என்கிறாள். அவர் இரண்டையும் எவ்வாறு இணைத்தார்? அவளுக்கு வேறு வயலின் வாங்க வேண்டுமா?

பதில் 1 (பீனிக்ஸ்):
1950இல் சென்னையில் பிறந்து, தந்தை வி. லட்சுமிநாராயணா இசை கற்பித்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அவர், அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, 1970களில் ஜான் மெக்லாக்லின், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன், இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்த சக்தி குழுவில் வாசித்தார். பின்னர் வந்த அவருடைய இரட்டைக் கழுத்துள்ள பத்துத் தந்தி வயலின், வயலின் வகையிலேயே மிகத் தாழ்ந்த ஒலி தரும் பெரிய கருவியான டபுள் பாஸின் ஆழம் வரை இறங்கும். ஆயினும், அடித்தளம் தந்தையிடம் பெற்ற பயிற்சியே என்பேன்.

பதில் 2 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
புதிய வயலின் தேவையில்லை, அம்மா. தரையில் அமர்ந்து, வயலின் கழுத்தின் சுருள் முனையை வலது கணுக்காலில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்தால், கமகத்துக்கு, அதாவது சுரங்களை அசைத்து இழைப்பதற்கு, இடக்கை தடையின்றி வழுக்கும். என் மகனுக்கு முதல் மாதம் முழுதும் கால் மரத்துப்போனது தனிக்கதை.