குழந்தையின் புண்ணில் மருந்தில்லாத ஜெல் தடவலாமா?

வெண்பஞ்சு:
என் மகளுக்கு ஒன்பது வயது. டிஸ்ட்ரோபிக் எபிடெர்மோலிசிஸ் புலோசா. தோலின் அடுக்குகளைப் பிணைத்து வைக்கும் ஏழாம் வகைக் கொலாஜன் அவள் உடம்பில் சரியாக உருவாவதில்லை. சட்டைத் தையல் உரசினாலே கொப்புளம். ஒட்டிப்போன கட்டுத்துணியை உப்புநீரில் ஊறவைத்துப் பிரிக்க, தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அந்தக் கொலாஜனுக்கான மரபணுவைப் புண்ணில் சேர்க்கும் பி-வெக் என்ற ஜெல்லின் மூன்றாம் கட்டப் பரிசோதனையைப் படித்தேன். ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரியான இரண்டு புண்கள். ஒன்றில் மருந்து, மற்றதில் மருந்தில்லாத ஜெல். ஆறு மாதம், வாரம் ஒருமுறை. அந்த இரண்டாவது புண்ணும் ஒரு குழந்தையின் உடம்பில்தானே இருக்கிறது? எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

எண்கணக்கு:
அக்கா, மருந்து ஆய்வுகளில் கணக்குப் பக்கம் வேலை பார்ப்பவன் நான். இதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த நோயில் புண் தானே ஆறும், தானே மறுபடி பிளக்கும். என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆய்வில் 31 பேர். ஆறு மாத முடிவில் மருந்து தடவிய புண்களில் 67 சதவீதம் முழுதாக மூடின. வெறும் ஜெல்லில் 22 சதவீதம். அந்த 22 தெரியாமல் 67-ஐ எப்படி நம்புவது? இதே நோய்க்குச் சோதித்த அலண்டாயின் களிம்பையும் பாருங்கள். ஆரம்ப ஆய்வில் நல்ல நம்பிக்கை கொடுத்தது. 2017-இல் பெரிய ஆய்வு முடிந்தபோது மருந்தில்லாத களிம்பைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டிருந்தால் இன்றைக்கும் பெற்றோர் அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

கட்டுத்துணி_நர்ஸ்:
பாதிப் பேருக்கு மருந்தே கிடைக்காமல் போவதைவிட இந்த முறை எவ்வளவோ மேல். ஒவ்வொருவருக்கும் ஒரு புண்ணிலாவது மருந்து படுகிறது. ஜெல்லைத் தேய்ப்பதும் இல்லை. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் சொட்டுச் சொட்டாக வைத்து மேலே ஒட்டாத துணி போடுவார்கள். ஆய்வு முடிந்தபின் உண்மையான ஜெல்லைத் தொடர்ந்து போட்டுக்கொள்ளவும் வழி செய்தார்கள்.

வெண்பஞ்சு:
சரி, ஒப்பீடு வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் எதை ஒப்பிடுகிறார்கள்? பிர்ச் மரப்பட்டைச் சாற்றில் செய்த ஜெல்லை 223 பேரிடம் சோதித்தார்கள். 45 நாளுக்குள் 41.3 சதவீதம் பேருக்குக் குறித்த புண் மூடியது, மருந்தில்லாத ஜெல்லில் 28.9. 90 நாளில் அந்த வித்தியாசம் பெரிதாக நிற்கவில்லை. அமெரிக்காவில் 2022 பிப்ரவரியில் அனுமதி மறுத்தார்கள், அதே ஆண்டு ஜூனில் ஐரோப்பா அனுமதித்தது, 2023 டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்தது. எல்லாம் ஒரு புண் மூடியதா இல்லையா என்பதைச் சுற்றித்தான். என் மகள் ராத்திரி அரிப்பில் எழுந்து உட்கார்ந்து, கையுறை போட்ட கையால் முழங்காலைத் தேய்ப்பாள். அதுதான் அவளுக்கு நோய். அவள் தூங்கினாளா என்பதை முதல் கேள்வியாக வையுங்கள்.

எண்கணக்கு:
இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி, அக்கா. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. தூக்கம் முழு உடம்புக்கும் சேர்ந்தது. ஒரு புண்ணில் மருந்து, பக்கத்துப் புண்ணில் வெறும் ஜெல் என்றால் எது தூங்க வைத்தது என்று பிரிக்க முடியாது. தூக்கத்தை அளக்க வேண்டுமானால் சில குழந்தைகளுக்கு எல்லாப் புண்ணிலும் மருந்தில்லாத ஜெல்தான். அதற்குச் சம்மதிப்பீர்களா?

வெண்பஞ்சு:
இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். ஆறு மாதம் என்றால் மாட்டேன். மூன்று மாதம், அப்புறம் மருந்து உறுதி என்று எழுத்தில் கொடுத்தால், அவளிடமும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். கணக்குக்கு நீங்கள் தனியாக எதுவும் தரவேண்டாம். ராத்திரி எத்தனை தடவை எழுந்தாள் என்று இரண்டு வருஷமாக நாள்காட்டியில் குறித்துக்கொண்டுதான் வருகிறேன்.