புதுப்பிப்பு: நாயின் மறைவுக்குப் பின் எங்கள் பூனை
எங்கள் நாய் சிறுநீரகச் செயலிழப்பால் இறந்ததையும், அதன்பின் வீட்டுப் பூனை உணவைத் தொடாமல் நாயின் படுக்கையையே முகர்ந்துகொண்டிருப்பதையும் எழுதி, என்ன செய்வதென்று கேட்டிருந்தேன். பூனைகள் ஓரிரு நாள் உண்ணாமலிருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று பலர் எச்சரித்ததால், துக்கம் தானே தணியட்டும் என்று காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். பசியைத் தூண்டும் மருந்தும் வெதுவெதுப்பாக்கிய ஈர உணவும் பலன் தந்தன. இப்போது தட்டைக் காலி செய்கிறது. படுக்கையைத் துவைக்காமல் வைத்திருக்கிறோம், பூனை அதில்தான் உறங்குகிறது.

மகளிடம் ‘நாய் தூங்கிவிட்டது’ என்று மழுப்பாமல், ‘இறந்துவிட்டது, இனி வராது’ என்றே சொன்னோம். அவள் அழுதாள், நாங்களும் மறைக்காமல் அழுதோம். வேறொரு நாய்க்குட்டி தருவதாகச் சிலர் அன்போடு முன்வந்தார்கள். அவள் தானாகக் கேட்கும்வரை அந்தப் பேச்சை எடுப்பதாக இல்லை.