நெல்மணிய நீளவிடாத மரபணுவுக்கு என்ன பேர்? (வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்)

வயக்காட்டு வாத்தியார்:
எல்லாருக்கும் வணக்கம். வேளாண் டிப்ளமோ பசங்களுக்கு நெல் மரபியல் பாடக்குறிப்பு தமிழ்ல போடறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும், ஒரே சொல்லுல மாட்டிக்கிட்டேன். நெகட்டிவ் ரெகுலேட்டர். ஜிஎஸ்3ன்னு ஒரு ஜீன், நெல்லோட 3ஆம் குரோமோசோம்ல இருக்கு, 2006ல வூஹான்ல ஹுவாஜோங் வேளாண் பல்கலைக்கழகத்துக்காரங்க பிடிச்சது. இது ஒழுங்கா வேலை செஞ்சா மணி நீளாது. அதோட டிஎன்ஏல டிஜிசின்னு இருக்கற எடத்துல கடைசி எழுத்து ஒண்ணு மாறி டிஜிஏ ஆச்சுன்னா புரதம் பாதியிலயே நின்னுரும், மணி நீண்டுக்கும். 'எதிர்மறை ஒழுங்காக்கி'ன்னு போட்டா, போன வருசம் ஒரு பய பரீட்சையில 'கெட்ட ஜீன்'னு எழுதி வச்சான். வேற சொல்லு குடுங்க.

ஏட்டுச்சுவடி:
அன்பரே, முதலில் ஜீனையும் குரோமோசோமையும் களைந்துவிட்டு வாருங்கள். 'ஒடுக்கி' என்க. ஒடுங்கு தன்வினை, ஒடுக்கு பிறவினை, ஈற்று இகரம் வினைமுதற்பொருள் விகுதி. வள்ளுவர் சினத்தைச் 'சேர்ந்தாரைக் கொல்லி' என்றாரே, அதே வாய்பாடு. ஒல்கு, ஒசி, ஒடி, ஒடுங்கு யாவும் ஓரினம் என்பது என் துணிபு. அரிசியே கிரேக்கம் சென்று, நெல்லைக் குறிக்கும் ஒரைசா ஆனது என்பாரும் உளர், அதையும்...

லேப்காரி:
ஐயா ஒரைசா வேணாம், போன மாசம்தான் அதுல 40 மெயில் போச்சு. ஒடுக்கியும் வேணாம். ஓபரான் (ஒரே சுவிட்சுல ஓடற ஜீன் வரிசை) பாடத்துல ரெப்ரஸருக்கு நான் அதத்தான் சொல்றேன், அது டிஎன்ஏ மேல உக்காந்துக்கிட்டு இன்னொரு ஜீன வாயத் தொறக்க விடாத ஆளு. ஜிஎஸ்3 அப்படியில்ல, ஜி புரதத்தோட காமா துண்டு, சிக்னல் கடத்தற கூட்டம். 2007ல வந்த ஜிடபிள்யூ2ங்கற ஜீன் இன்னும் வேற, மத்த புரதத்து மேல 'இத அழிச்சிரு'ன்னு யுபிக்விட்டின் சீட்டு ஒட்டற என்சைம், உமியோட செல் பெருகறத குறைக்கும். ஒரு நெல்ல நகத்தால உரிச்சுப் பாருங்க, ரெண்டு உமியும் ஓரத்துல கொக்கி போட்டாப்ல பூட்டியிருக்கும், அதுக்குள்ள அடங்கற அளவுதான் அரிசி. பெட்டி பெருசானாத்தான் சரக்கும் பெருசாகும். ரெண்டுக்கும் பொதுவா 'மட்டுப்படுத்தி'ன்னு வைங்க.

களப்புக்கரை:
மட்டு எண்டதும் ஊர் ஞாபகம் வந்திட்டுது. மட்டக்களப்பு எண்டா ஆழமில்லாத களப்பு (கடலேரி) எண்டுதான் எங்கட வாத்தியார் சொல்லித்தந்தவர். இலங்கையில எங்கட பாடத்தில ஜீன் பரம்பரையலகு, குரோமோசோம் நிறமூர்த்தம், ஐயாவுக்குப் பிடிக்குமோ தெரியேல்லை. மற்றது, நீங்கள் 'மணி அளவு' எண்டு எழுதினா எத்தனை மணி எண்டு கேக்கிற மாதிரிக் கிடக்கு. 'மணிப்பருமன்' எண்டு போடுங்கோ.

வயக்காட்டு வாத்தியார்:
அண்ணே, இங்க பருமன்னா ஆஸ்பத்திரி போர்டுதான் ஞாபகம் வரும், நெல்லுக்கு டயட் எழுதிக் குடுத்தாப்ல ஆயிரும் :)

ஏட்டுச்சுவடி:
மூர்த்தம் வடசொல். பட்டினப்பாலையில் மட்டு என்பது கள். மட்டுப்படுத்தி என்றால் கள்ளூட்டியவள் என்றும் கொள்ளலாமே. மேலும், வரைவில் 'சன்ன மணி' என்று கண்டேன். 'நுண்மணி' என்க.

மண்டிக்காரன்:
நான் படிக்காதவன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க மண்டியில சன்ன ரகம் மோட்டா ரகம் அவ்ளோதான், தெலுங்குக்காரரும் கன்னடத்துக்காரரும்கூட சன்னம்னா புரிஞ்சுக்குவாங்க, நுண்மணின்னு கேட்டா எங்க கணக்குப்பிள்ளையே முழிப்பாரு. உங்க ஜீனுக்கு 'மூக்கணாங்கயிறு'ன்னு வைங்களேன், கயிறு அறுந்தா மாடு ஓடுது, ஜீன் கெட்டா மணி ஓடுது.

லேப்காரி:
ஐயோ, இது ரொம்ப சரியா இருக்கு! 2008ல வந்த க்யூஎஸ்டபிள்யூ5ங்கற ஜீன் கதையும் இதேதான், ஜப்பான் நிப்பொன்பாரே ரகத்துல 1212 டிஎன்ஏ எழுத்து காணாமப் போய்தான் மணி அகலமாச்சு. அறுந்த கயிறு.

ஏட்டுச்சுவடி:
உவமை கலைச்சொல் ஆகாது.

லேப்காரி:
ஏன் ஆகாது, 'கொல்லி' மட்டும் சினத்துக்கு என்னவாம்?

வயக்காட்டு வாத்தியார்:
வியாழன் ராத்திரி 11 மணி. அட்டவணையில கட்டம் ரெண்டு சென்டிமீட்டர், மட்டுப்படுத்தி ரெண்டா ஒடியுது, மூக்கணாங்கயிறு மூணா ஒடியுது. ஒடுக்கின்னே போட்டுட்டேன், ரெப்ரஸர அடக்கின்னு மாத்தியாச்சு. அடியில ஒரு வரி: 'வேலை செய்தால் மணி குறுகும், கெட்டால் வளரும்.' கயிறு கதைய வகுப்புல வாயால சொல்லிக்கறேன்.

லேப்காரி:
அடக்கிக்கும் ஒடுக்கிக்கும் வித்தியாசம் என்னன்னு மொத நாளே ஒருத்தன் கேப்பான், அப்ப எனக்கு போன் பண்ணாதீங்க.

களப்புக்கரை:
பருமன் என்னாச்சு?

ஏட்டுச்சுவடி:
ஒடுக்கி ஏற்கப்பட்டதில் மகிழ்ச்சி. ஆனால் குரோமோசோம் அப்படியே இருப்பதாக அறிகிறேன். நன்றியுரையில் என் பெயர் வேண்டாம்.