படிவத்தில் இல்லாத கேள்வி

2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி. சில நாளிலேயே, மும்பை மாநகராட்சியில் சொத்துவரிக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த என்னை அங்கே அனுப்பிவிட்டார்கள். தமிழ் தெரியும், அதுதான் தகுதி. கையில் ஒரு படிவம். முதல் கேள்வி, வெளிநாடு போய் வந்தீர்களா? தொண்ணூறடி ரோட்டுச் சந்தில் இரும்பு ஏணிப்படியில் உட்கார்ந்திருந்த ஆச்சியிடம் கேட்டேன்.

"ஊருக்குப் போயே மூணு வருசமாச்சு சார்."

சரி, வீட்டுக்குள்ளேயே ஒதுங்கி இருங்கள் என்றேன்.

"பத்துக்குப் பத்து ரூம்பு. எட்டுப் பேரு கெடக்கோம். எந்த மூலைல ஒதுங்கச் சொல்லுதீய?"

பள்ளிக்கூடங்களும் மண்டபங்களும் தனிமை முகாம் ஆனதற்கு அப்புறம் ஆயிரம் விளக்கம் சொன்னார்கள். எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

அடுத்த சிக்கல், யார் யாரோடு பழகினார்கள் என்ற பட்டியல். எல்லோரும் "யாரையும் பாக்கலை" என்றுதான் சொன்னார்கள். பொதுக் கக்கூஸ் கழுவும் அண்ணன்தான் வழி காட்டினார். "யாரைப் பாத்தேன்னு கேட்டா பயப்படுவாங்க சார். எந்தக் கக்கூஸ், எத்தனை மணின்னு கேளுங்க." கேட்டேன். காலை ஐந்தரை வரிசையில் முன்னால் நின்றவர், பின்னால் நின்றவர், டப்பா இரவல் வாங்கியவர் என எல்லாம் வந்து விழுந்தது. படிவத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு கட்டம் போட்டுக்கொண்டேன். ராத்திரி அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன். மறுநாள் இன்னும் இரண்டு பேர் படிவத்தில் அதே கோணல் கட்டம்.

*

நான் வார் ரூமில் இரவு ஷிப்ட். கொரோனா நோயாளிக்குப் படுக்கை ஒதுக்க 2020 ஜூனில் மாநகராட்சியின் 24 வார்டுக்கும் ஆளுக்கொன்று தொடங்கினார்களே, அதில். 2021 இரண்டாம் அலையில் போன் எடுத்தாலே ஐசியு வேண்டும் என்ற அலறல்தான். யாருக்கு முதலில்? பக்கத்து நாற்காலியில் இருந்த பயிற்சி டாக்டர் பெண் சொன்னார்: "போனை நோயாளிகிட்டயே குடுக்கச் சொல்லுங்க அங்கிள். ஒரே மூச்சுல எண்ணச் சொல்லுங்க." ஆக்ஸிமீட்டர் எண் குறைவாக வந்தால் நகப்பூச்சு இருக்கிறதா, விரல் சில்லிட்டிருக்கிறதா என்று கேட்கவும் அவரிடம்தான் கற்றேன். ஒரு தமிழ் அம்மா ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தார். ஏழில் நின்றுவிட்டது.

*

2005 ஜூலை 26. மும்பை சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. மேன்ஹோல் மூடியைத் திறந்தால் மூங்கிலில் சிவப்புத் துணி கட்டி நட்டுவிட்டுத்தான் நகர வேண்டும் என்று எனக்குச் சொன்னது எங்கள் முகாதம், அதாவது மேஸ்திரி. இடுப்பளவுத் தண்ணீரில் துணிக்கு எங்கே போவது? தன் சட்டையைக் கழற்றிக் கட்டினார். அது நீலம். மழை விடும்வரை பக்கத்திலேயே நின்றார்.