மறு: ‘பார்பர் செயர்’ – சாய்ந்த மரம் பிளந்து எகிறுவதற்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம். சாய்ந்த மரத்தை அரியும்போது தண்டு நெடுகப் பிளந்து எகிறுகிற விபத்தை ஆங்கிலத்தில் ‘பார்பர் செயர்’ (barber chair) என்கிறார்கள். நம் துண்டுப்பிரசுரத்துக்கு அதற்கொரு தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> ‘முடிதிருத்துநர் நாற்காலி’ என்றே வைத்துவிடலாம். மூலத்தில் இருப்பதும் அதுதானே.

ஐயா, குறை நினைக்காதீர்கள், இதற்கு நான் உடன்படவில்லை. மட்டக்களப்பில் நாற்காலி என்று யார் சொல்கிறார்கள், கதிரைதான் என்பதை விட்டுவிடுவோம். பழைய சலூன் கதிரையில் சாய்மானம் பின்னே சரியும்போது கால் வைக்கும் பலகை மேலே எழும். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பெயர் பொருந்தியது. இங்கே செயின்சோவோடு (சங்கிலிவாளோடு) நிற்கிற பொடியனிடம் “நாற்காலி வரும், கவனம்” என்றால் அவன் உட்கார இடம் பார்ப்பான்.

நாம் எழுதும் துண்டுப்பிரசுரம் மாரிக் காற்றில் சாய்ந்த மரங்களை வீதியிலும் வளவுகளிலும் அரிந்து அகற்றுகிறவர்களுக்கு. நடப்பது என்னவென்று ஒருதரம் சரியாகப் பார்த்துவிட்டால் சொல் தானாக வரும்.

சாய்ந்த மரத்தின் முதுகுப் பக்கம் நார் முழுக்க இழுபட்டு விறைத்து நிற்கும். சாய்ந்த பக்கம் அமுங்கி நிற்கும். சாய்ந்த பக்கத்தில் ஆப்பு வடிவில் முன்வாய் வெட்டாமல், அல்லது பேருக்கு ஒரு சின்ன வாய் வெட்டிவிட்டு, முதுகிலிருந்து அரிந்துகொண்டு போனால் பாதி அரிவதற்குள்ளேயே மரம் விழத் தொடங்கும். அரியாமல் எஞ்சியிருக்கும் தடிப்பு வளைந்து கொடுக்காது. மரத்தைக் குறுக்கே முறிப்பது கடினம், நாரோடு பிளப்பது லேசு என்பது விறகு கொத்திய எல்லோருக்கும் தெரியும். ஆகவே அரிந்த இடத்திலிருந்து தண்டு மேல்நோக்கிப் பிளந்துகொண்டு போகும். முன்பாதி அடிக்கட்டையோடு நிற்கும். பின்பாதி, விழுகிற மரத்தின் பாரத்தில் அடி எகிறி, வாள் பிடித்தவரின் நெஞ்சையோ தாடையையோ நோக்கி உதைக்கும். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பிளவின் உச்சியில் மாட்டி நிற்கும் மரம் அப்புறம் நழுவி, அவர் நின்ற இடத்திலேயே விழவும் கூடும். எல்லாம் ஒரு நொடியில் நடப்பதால் விலகி ஓட நேரம் கிடையாது.

> அப்படியென்றால் ‘நெடுக்குப்பிளவு’ போதாதா?

போதாது. காய்ந்த பலகையிலும் நெடுக்குப்பிளவு விழும், அது யாரையும் கொல்வதில்லை. அம்பாறை நண்பர் தந்த ‘பின்னுதை’ எனக்குப் பிடித்த சொல். ஆனால் அது வேறொன்றுக்கு வேண்டும்: செயின்சோ அலகின் நுனியில் மேல்பாதி மரத்தில் பட்டால் வாள் துள்ளி முகத்துக்கு வருமே, அதற்கு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ஒன்றுக்குச் சொன்ன காப்பை மற்றதற்குச் செய்துவிட்டு நிற்பார்கள்.

என் முன்மொழிவு ‘பிளந்தெழல்’. பிளப்பதும் எழுவதும் இரண்டும் உள்ளே இருக்கின்றன. வினையாகவும் ஓடும்: “இந்த மரம் பிளந்தெழும், தள்ளி நில்.” பேச்சில் “பிளந்தெழும்பும்” என்பார்கள், எழும்பட்டும், அதுவும் சரிதான். ‘பிளவெழுச்சி’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதில் மேடைப்பேச்சு வாசனை அடிக்கிறது.

சொல் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பிரசுரத்தின் பத்தியை அதை வைத்தே எழுதிப் பார்த்தேன்:

“முன்னோக்கிச் சாய்ந்த மரம் பிளந்தெழும். எனவே முன்வாயை அகலத் திற. 70 பாகைக்குக் குறையக் கூடாது. அப்புறம் முதுகிலிருந்து அரியாதே. பக்கத்திலிருந்து அலகைக் குத்தித் துளைவெட்டு போடு. குத்தும்போது நுனியின் கீழ்ப்பாதியால் தொடங்கு, இல்லாவிட்டால் பின்னுதை. முன்னே மரத்தின் விட்டத்தில் ஏறத்தாழ பத்திலொரு பங்கை அரியாமல், மரம் திரும்பி விழும் பிணைச்சலாக விடு. அங்கிருந்து முதுகை நோக்கி அரிந்து வந்து, முதுகில் மரத்தைப் பிடித்து நிறுத்த ஒரு பிடிபட்டியை அரியாமல் மிச்சம் வை. எல்லாம் சரியென்று பார்த்தபின் பக்கவாட்டில் நின்று அந்தப் பட்டியை அறு. உடனே பின்பக்கமாகச் சரிவாக, முன்பே துப்புரவாக்கி வைத்த வழியில் விலகு. ஆள் அனுபவமில்லாதவர் என்றால் சாய்ந்த மரத்தைத் தொடவே வேண்டாம்.”

படித்துப் பார்த்ததில் சொல் எங்கும் இடறவில்லை. வெட்டுக்கு மேலே தண்டைச் சங்கிலியால் இறுகச் சுற்றிக் கட்டுகிற முறையையும் ஒரு வரியில் சேர்க்கலாம். ஆனால் அது துளைவெட்டுக்குப் பதில் அல்ல, கூடுதல் காப்பு என்று தெளிவாக எழுத வேண்டும்.

> ‘பிணைச்சல்’ தமிழ்நாட்டில் புரியாது, ‘கீல்’ என்று போடுங்கள்.

சென்னையில் அச்சாகும் கையேட்டுக்குக் கீல் இருக்கட்டும். இங்கே கதவுப் பிணைச்சல் மாட்டாத வீடு கிடையாது. மரம் திரும்பி விழும் மூட்டுக்கு அதைவிடப் பழகிய சொல் எங்களுக்கு இல்லை. சொற்பட்டியலில் இரண்டையும் பக்கத்தில் போடுவோம்.

‘பிடிபட்டி’தான் எனக்கு இன்னும் திருப்தியில்லை. பட்டி என்றதும் ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி ஞாபகம் வருகிறது. ‘பிடிநார்’ என்றால் மெல்லியதாகத் தோன்றி, மிகவும் குறைத்து விட்டுவிடுவார்களோ என்று பயம். வேறு யோசனை இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள் பிரசுரம் அச்சுக்குப் போகிறது.