புறவன்தட்டா, தரவுப்பேழையா? கணினிக்கு வெளியே இணைக்கும் சேமிப்புக் கருவிக்கான கலைச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கணினிக்கு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் தேர்ந்தெடுப்பது குறித்து நாம் எழுதிவரும் வழிகாட்டியில் அக்கருவியை எந்தச் சொல்லால் குறிப்பது என்ற கேள்விக்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: புறவன்தட்டு, வெளி நிலைவட்டு, புற இயக்கி. மூன்றையும் வரைவில் ஒவ்வொன்றாகப் பொருத்தி, முதல்முறையாக இக்கருவியை வாங்கப்போகும் ஒருவரின் இடத்திலிருந்து படித்துப் பார்த்தேன். மூன்றுமே ஏதோ ஓரிடத்தில் அவரைத் தவறாக வழிநடத்துகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கான காரணங்களையும், மாற்றாக நான் முன்வைக்கும் சொல்லையும் கீழே எழுதுகிறேன். முதலில், புறவன்தட்டைப் பரிந்துரைத்தவரின் வாதம்:

> வன்தட்டு ஏற்கெனவே பலரும் அறிந்த சொல். அதன் முன் ‘புற’ சேர்த்தால் போதும்.

பலரும் அறிந்த சொல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதிலுள்ள ‘வன்’ என்னும் அடை எதிலிருந்து பிரித்துக்காட்டுவதற்காக வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஐபிஎம் நிறுவனம் 1956இல் 24 அங்குல விட்டமுள்ள 50 வட்டுகளை ஓர் அச்சில் அடுக்கி, இன்றைய கணக்கில் 4 மெகாபைட்டுக்கும் குறைவான தரவைச் சேமித்த இயந்திரத்தை வெளியிட்டபோது, அதற்கு இந்த அடை தேவைப்படவில்லை. பிரித்துக்காட்ட வேண்டிய வேறு வகை வட்டு அன்று இல்லை. 1970களில் வளையக்கூடிய நெகிழ்வட்டு (ஃபிளாப்பி) புழக்கத்துக்கு வந்த பிறகுதான் விறைப்பான வட்டை வேறாகச் சொல்லவேண்டிய நிலை வந்தது. நெகிழ்வட்டைக் கண்ணால் கண்டிராத தலைமுறைக்கு இன்று ‘வன்’ என்பது உறுதி, தாங்குதிறன் என்றே பொருள்படுகிறது. எங்கள் உறவினர் ஒருவர் என்னிடம், “வன்தட்டு என்றால் கீழே விழுந்தாலும் தாங்கும் அல்லவா?” என்று கேட்டார். அவர்மேல் குற்றமில்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது. உண்மை நிலையோ இதற்கு நேர்மாறானது. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் வட்டின் மேல், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில், படிப்பு முனை மிதந்து செல்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் அம்முனை வட்டைக் கீறிவிடக்கூடும்.

நிலைவட்டு என்பதைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. கணினிக்குள் நிலையாகப் பொருத்தப்பட்டது என்பதே அதன் பொருள். கழற்றி எடுத்துச் செல்வதற்கென்றே அமைந்த ஒரு கருவியை ‘வெளி நிலைவட்டு’ என்பது தன்னோடு தானே முரண்படும் சொல்லாகும்.

புற இயக்கியில் உள்ள இடர் வேறுவகையானது. வன்பொருளைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளுக்கு இயக்கி என்ற பெயர் தமிழ் இடைமுகங்களில் வேரூன்றிவிட்டது. அச்சுப்பொறிக்குரிய இயக்கியை நிறுவுங்கள் என்று ஒரு பக்கத்திலும், இயக்கியை வடத்தால் இணையுங்கள் என்று மறுபக்கத்திலும் எழுதினால், படிப்பவர் இரண்டையும் ஒன்றாகவே கொள்வார். இயக்ககம் என்று சற்று மாற்றினாலும் குழப்பம் முற்றிலும் நீங்கவில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வெளியே இணைக்கும் சேமிப்புக் கருவிகளில் இன்று பல வட்டே இல்லாதவை. எஸ்எஸ்டி எனப்படும் கருவியில் சுழலும் பகுதி எதுவும் கிடையாது. தரவு சில்லுகளில் மின்னேற்றமாகத் தங்குகிறது. நம் வழிகாட்டியின் உயிர்நாடியே இவ்விரண்டில் எதை வாங்குவது என்ற முடிவுதான். அப்படியிருக்க, இரண்டையும் தட்டு, வட்டு என்ற ஒரே பெயரில் அடக்கினால் அந்த வேறுபாட்டைத் தலைப்பிலேயே அழித்துவிடுகிறோம். 500 ஜிகாபைட் தரவைப் படியெடுக்க, நொடிக்கு 100 மெகாபைட் எழுதும் வட்டுக்கு ஏறத்தாழ 83 நிமிடங்கள் ஆகும். நொடிக்கு 500 மெகாபைட் எழுதும் எஸ்எஸ்டிக்கு 17 நிமிடங்கள் போதும். ஆனால் பழைய யூஎஸ்பி 2.0 செருகுவாயில் இணைத்தால், நடைமுறையில் நொடிக்கு 35 மெகாபைட் அளவே கிடைப்பதால், இரண்டுக்கும் 4 மணி நேரம் ஆகிவிடும். வாங்குவதற்கு முன் உங்கள் கணினியின் செருகுவாயைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்ற அறிவுரை வழிகாட்டியின் முதல் பக்கத்திலேயே வரவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எனவே, உள்ளே இருக்கும் பொறியை வைத்துப் பெயரிடாமல், கருவி செய்யும் பணியை வைத்துப் பொதுச்சொல் ஒன்றை அமைத்து, உட்பொறியை அடையாகச் சேர்ப்பதே முறை என்று கருதுகிறேன். என் பரிந்துரை ‘தரவுப்பேழை’. பேழை என்பது மதிப்புள்ள பொருளை இட்டு, கையில் எடுத்துச் செல்லக்கூடிய மூடிய பெட்டி. ஒலிநாடா உறையோடு வந்த காலத்தில் ஒலிப்பேழை என்று நாமே எழுதியிருக்கிறோம். ஆகவே ஊடகத்தை உள்ளே கொண்ட கையடக்கக் கூடு என்ற பொருளில் இச்சொல் தமிழுக்குப் புதியதன்று. பேழையில் வெளியே இருப்பது என்ற பொருளும் இயல்பாக அடங்கிவிடுவதால் ‘புற’ என்னும் முன்னொட்டும் தேவையில்லை.

பெட்டகம் என்று வைக்கலாமே என்று நண்பர் ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். நானும் முதலில் அச்சொல்லையே விரும்பினேன், பின்னர் கைவிட்டேன். பெட்டகம் என்றாலே உடைக்க முடியாத இரும்புப் பெட்டி மனத்தில் எழுகிறது. எங்கள் வீட்டில் நான்கு ஆண்டு ஒளிப்படங்களைக் கணினியில் இடமில்லை என்று இத்தகைய கருவி ஒன்றுக்கு மாற்றி, கணினியிலிருந்து அழித்துவிட்டோம். பாதுகாப்பாக இருக்கின்றன என்று நம்பினோம். ஒருநாள் வடத்தில் கால் தட்டி அது கீழே விழுந்தது. அந்தப் படங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. ஒரே ஒரு படி மட்டும் இருக்கும் வரையில் அது எங்கே இருந்தாலும் காப்புப்படி ஆகாது என்பதை வழிகாட்டி அழுத்தமாகச் சொல்ல வேண்டும்; அதற்கு எதிரான நம்பிக்கையை ஊட்டும் பெயரை நாமே சூட்டக்கூடாது. களஞ்சியம் என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். அது மென்பொருள் மூலநிரல் திரட்டுகளுக்கு ஏற்கெனவே வழங்குகிறது.

இனி அடைகள். வட்டு உள்ளதை ‘வட்டுப்பேழை’ எனலாம்; இதில் யாருக்கும் தயக்கம் இராது. எஸ்எஸ்டிக்குச் ‘சில்லுப்பேழை’ என்றுதான் முதலில் எழுதினேன். ஆனால் இலங்கைத் தமிழில் சில்லு என்றால் சக்கரம். அவ்வழக்கில் வளர்ந்த வாசகர் சில்லுப்பேழை என்பதைச் சுழலும் கருவி என்று புரிந்துகொண்டால், நாம் சொல்ல வந்ததற்கு முற்றிலும் மாறான பொருள் போய்ச் சேரும். ஆகவே எஸ்எஸ்டி என்பதிலுள்ள ‘சாலிட்’ என்னும் சொல்லை ஒட்டித் ‘திண்மப்பேழை’ என்று மாற்றியிருக்கிறேன். வன்தட்டு என்ற பெயர் அருகில் இருந்தால் வன்மையும் திண்மையும் ஒன்றோடொன்று மோதியிருக்கும். வட்டுப்பேழை என்று மாறிவிட்டதால் அந்த இடையூறும் இல்லை. அன்றாடம் பையில் கொண்டு செல்பவருக்கும், அதிலிருந்தே நேரடியாக வேலை செய்பவருக்கும் திண்மப்பேழை; மேசையில் வைத்து, பெரிய கொள்ளளவில் காப்புப்படி எடுப்பவருக்கு வட்டுப்பேழை என்று ஒரே சொற்றொடரில் இப்போது எழுத முடிகிறது. மின்னிணைப்பே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைக்கத் திண்மப்பேழை ஏற்றதன்று, அதன் மின்னேற்றம் மெல்லக் கசியும் என்ற எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும்.

வட்டுப்பேழைகளிலேயே 3.5 அங்குல வகைக்குத் தனி மின்னிணைப்பு வேண்டும், 2.5 அங்குல வகைக்கு யூஎஸ்பி வடமே போதும் என்பதற்குப் புதுச்சொல் எதுவும் தேவையில்லை. 2 டெராபைட் என்று வாங்கியதை விண்டோஸ் கணினி ஏறத்தாழ 1.8 என்று காட்டுவதும், உறையில் ஆயிரத்தின் மடங்கிலும் கணினியில் 1,024இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடுதான். ஒருவரி விளக்கம் போதும்.

ஆனால் ஓரிடத்தில் சொல் உருவாக்குவது கட்டாயமாகிறது. வட்டில் அதிகத் தரவை அடைப்பதற்காகப் பதிவுத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறியிருக்குமாறு எழுதும் முறை ஒன்று உண்டு. ‘ஷிங்கிள்டு’ என்னும் அதன் ஆங்கிலப் பெயர் கூரையின் மேல் ஓட்டின் விளிம்பை அடுத்த ஓடு மூடியிருப்பதிலிருந்து வந்தது. தமிழில் இதற்கு வேய்தல் என்ற அருமையான வினை காத்துக்கொண்டிருக்கிறது, ‘வேய்வுப்பதிவு’ என்போம். வேய்ந்த கூரையின் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் ஏறியிருப்பவற்றையும் எடுத்து மீண்டும் அடுக்க வேண்டியிருப்பதுபோல, இவ்வகை வட்டில் ஒரு தடத்தை மாற்றி எழுத அடுத்துள்ள தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். தொடர்ந்து நிறைய எழுதும்போது வேகம் வெகுவாகக் குறைவது அதனால்தான். ஒருமுறை எழுதி எப்போதாவது படிக்கும் காப்புப்படிக்கு இது குறையாகாது. காணொளித் தொகுப்புப் பணிக்கு ஒத்துவராது. இதற்கு மாறான பழைய முறையைத் ‘தனித்தடப் பதிவு’ எனலாம்.

எந்தச் சொல்லை ஏற்றாலும், கருவியின் உறையில் இருக்கும் பெயரையும் வாசகர் அடையாளம் காண வேண்டும் என்பதால், முதல் இடத்தில் ‘எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் என்று விற்கப்படும் வட்டுப்பேழை’ என எழுதிவிட்டு, பின்னர் தமிழ்ச்சொல்லை மட்டும் ஆளலாம். விரலியை (பென் டிரைவ்) தரவுப்பேழையில் ஒரு வகையாகச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை; ஓரிரு கோப்புகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்வதே அதன் பணி, அதற்கு அந்தத் தனிப்பெயரே பொருந்தும்.

திண்மப்பேழை என்னும் சொல் இலங்கை வழக்கில் வேறு பொருள் ஏதேனும் தருகிறதா என்பதை அங்குள்ள நண்பர்கள் சொன்னால், வரைவின் இரண்டாம் பகுதியைத் திருத்தத் தொடங்குவேன்.

அன்புடன்.