புதுப்பிப்பு: கல்யாணம் நின்றபின் சபைக்குத் திரும்பியது

நிச்சயித்த கல்யாணம் நின்றதிலிருந்து சபைக்குப் போகவே கூசுகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சபை மாறும் யோசனை உதவவில்லை. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலில் தெரியாத முகங்களுக்கு நடுவே உட்கார்ந்தும் கூச்சம் கூடவே வந்தது. பலித்தது, பைபிளில் ஏசாயா 54:4-ஐ தினமும் வாய்விட்டு வாசிக்கச் சொன்ன அக்காவின் யோசனைதான். வாலிபத்தின் வெட்கத்தை மறப்பாய் என்று கர்த்தர் சொல்லும் வசனம். மனசுக்குள் படித்தால் நழுவிவிடும். சத்தமாகப் படித்தபோது என்னிடமே சொல்வதுபோல் கேட்டது. அப்புறம் எங்கள் சபை ஆயரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி ஜெபித்தோம்.

எதிர்பாராதது ஒன்று. ஆராதனை முடிந்ததும், யார் கண்ணில் படக்கூடாது என்று பயந்தேனோ அந்தப் பாட்டியே என் கையைப் பிடித்து, "கொயர்ல ஆல்டோவுக்கு ஆள் இல்லம்மா, வந்துடு" என்றார். பாடகர் குழுவில் பெண்கள் பாடும் கீழ்க்குரல்தான் ஆல்டோ. பழைய கதை எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை பயிற்சிக்குப் போகிறேன்.